மேடம் விட்ட நாற்பது கிராம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நீண்டு கிடக்கும் அந்த ரோட்டில் கார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், டயர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றோடு காற்றாகக் கலந்து போகிற ஒன்றுக்குக் கணக்குக் கேட்ட மனிதர் அந்த ரோடு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் மிச்சம். உலகத்தில் அவரைப் போல இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். ஒருவரோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியதே எனக்குப் போதும்.

முதலில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனி கேஸ் வியாபாரம் செய்தது. சமையல் கேஸ் இல்லை. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் போகிற குளிர் கேஸ். இதில் பழைய ரகம் வெளியே கசிந்தால் மேலே போய் ஓசோனைத் தின்னும். சரி, அது வேண்டாம் என்று புது ரகம் கண்டுபிடித்தார்கள். அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். பழையதற்கு ஒரு படிவம், புதியதற்கு ஒரு படிவம். வாங்குவதற்குப் பதிவு, விற்பதற்குப் பதிவு, வெளிநாட்டிலிருந்து கொண்டுவர லைசென்ஸ், அந்த லைசென்ஸ் கையில் வந்த ஈரம் காய்வதற்குள் ரினியூவல். யாரிடம் எத்தனை கிலோ வாங்கினாய், யாருக்கு எத்தனை கிலோ விற்றாய், கையில் எவ்வளவு இருக்கிறது என்று வருடா வருடம் ரிட்டர்ன். இதையெல்லாம் நிரப்புவது என் வேலை. "உலகத்தைக் காப்பாத்தற வேலைம்மா" என்று இன்டர்வியூவில் எம்.டி. சொன்னார். காப்பாற்றினேன். கழுத்து எலும்பு தேய்ந்ததுதான் கண்ட பலன்.

அந்த ரிட்டர்ன் போடுகிற வெப்சைட்டைப் பற்றித் தனியாக அழ வேண்டும். உள்ளே போக ஓ.டி.பி. வரும். அது என் போனுக்கு வராது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்து, பிறகு மறைமலை நகரில் ஒரு கார் பாகங்கள் கம்பெனிக்குப் போய்விட்ட திருநெல்வேலிக்காரப் பையனின் போனுக்குத்தான் வரும். நம்பரை மாற்ற விண்ணப்பம் போட்டோம். அந்த விண்ணப்பத்தை உறுதி செய்யவும் ஓ.டி.பி. வந்தது, அவனுக்கே. அவனுக்கு நைட் ஷிஃப்ட். நான் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிடும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருப்பான்.

"ஏக்கா, இப்பந்தானக்கா கண்ணசந்தேன்."

"நம்பர் மட்டும் சொல்லிட்டுத் தூங்குடா தம்பி."

"ஏழு... நாலு... எக்கா, கல்யாணம் ஆனாலும் இத நாந்தான் சொல்லணுமா?"

கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு அவன் மனைவி சொன்னாள்.

இந்த ரிட்டர்னை நிரப்புவதில் எங்கள் தொழிலுக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. முதலில் கடைசிக் கட்டத்தை, அதாவது கையிருப்பை எழுதுவோம். அப்புறம் மேலே ஏறிப் போய், மற்ற கட்டங்கள் அதற்குப் பொருந்துகிற மாதிரி சமாதானம் செய்வோம். நடுவில் 'கசிவு' என்று ஒரு கட்டம் வரும். அதில் எல்லோரும் 'இல்லை' என்று எழுதுவோம். காகிதத்தின்படி எங்கள் ரோட்டில் எந்தக் காலத்திலும் ஒரு கிராம் கேஸ் கசிந்தது கிடையாது.

இப்போது மிச்சத்துக்கு வருகிறேன். எங்கள் குடோன் இன்சார்ஜ். வாலாஜாபாத் ரோட்டுப் பக்கத்து ஆள். இருபது வருடம் ஏசி மெக்கானிக்காகச் சுற்றிவிட்டு, முட்டி வலி வந்ததும் எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஒல்லி உடம்பு, கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, காதில் ஒரு பென்சில் துண்டு. அந்தப் பென்சில் சுண்டு விரல் நகத்தளவு தேய்ந்தபோதும் அதைத் தூக்கிப் போடாமல், ஒரு காலிப் பேனாக் கூட்டில் செருகி எழுதினார். பெயர்க் காரணம் கேட்பவர்களுக்கு இதுவே போதும். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கருமி என்று நினைத்துவிடாதீர்கள். யார் கேட்டாலும் கொடுப்பார், தன் டிபன் பாக்ஸில் பாதியைச் செக்யூரிட்டிக்குக் கொடுப்பார். ஒரு பொருள் யாருக்கும் பயன்படாமல் வீணாய்ப் போவதைத்தான் அவரால் பார்க்க முடியாது. அதிலும் காற்று போகிற சத்தம் என்றால் உடம்பு ஆடிவிடும். கேன்டீனில் சோடா பாட்டிலை அவர் திறக்கிற அழகைப் பார்க்க ஷிஃப்ட் முடிந்தவர்கள் கூடுவார்கள். ஒரு சின்ன 'உஸ்' கூட வராமல் திறக்க ஐந்து நிமிடம் ஆகும். திறந்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார். அவர் சோடா குடிக்க மாட்டார்.

ஒருநாள் படப்பையிலிருந்து நாங்கள் வந்த ஷேர் ஆட்டோவின் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் இறங்கி, வேறு ஆட்டோ வருகிறதா என்று பார்த்தோம். மிச்சம் மட்டும் ரோட்டில் குந்தி உட்கார்ந்து, ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

டிரைவர் பதறிப்போனான். "யோவ் பெர்சு, இன்னா பண்ற? எப்புடியும் கழட்டத்தான் போறேன். காத்து போனா போவுது, வுடு!"

"போனா போவுதா? இன்னாத்துக்குப் போவணும்? அது பாட்டுக்கு உள்ள கீது, உன்ன இன்னா பண்ணுது?"

பஞ்சர் கடைக்காரர் வரும் வரை, அரை மணி நேரம், அவர் விரலை எடுக்கவில்லை. அந்தப் பக்கமாகப் போன கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் பக்கத்தில் இருந்த மரத்தைப் பார்ப்பது போல நின்றேன்.

புது குடோன் திறப்பு விழாவில் எம்.டி. ஆசை ஆசையாக ஒரு கொத்து கேஸ் பலூனைப் பறக்கவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். மிச்சம் மட்டும் நெற்றியில் கை வைத்து, கடைசிப் பலூன் புள்ளியாகி மறையும் வரை பார்த்துவிட்டு, எம்.டி.யிடம் போனார்.

"சார், இது ரிட்டர்ன்ல எந்தக் கட்டத்துல சார் வரும்?"

வந்திருந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். எம்.டி. சிரிக்கவில்லை. அவருக்கு அன்றைக்கே உள்ளுக்குள் ஏதோ தட்டியிருக்க வேண்டும்.

தட்டியதற்குக் காரணம் இருந்தது. காலி சிலிண்டர்கள். மெக்கானிக்குகள் எங்களிடம் சிலிண்டர் வாங்கிப் போய், தீர்ந்ததும் காலியைத் திருப்பித் தருவார்கள். காலி என்று அவர்கள் சொல்வதுதான். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் நிற்கும். மற்ற எல்லா இடத்திலும் என்ன செய்வார்கள் என்றால், சிலிண்டரை ஷெட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய், வால்வைத் திறந்து, 'புஸ்' என்று விட்டுவிட்டு, புதிதாக நிரப்புவார்கள். ஒரு நிமிட வேலை. எங்கள் குடோனில் அது நடக்காது. மிச்சம் ஒவ்வொரு காலியையும் தராசில் ஏற்றுவார்.

"காலிண்ணே" என்பான் கொண்டுவந்த மெக்கானிக்.

"காலியா? கழுத்துல இன்னா அடிச்சிருக்கான் படி. காலி எடை முப்பத்தெட்டு. முள்ளு இன்னா காட்டுது? முப்பத்தெட்டரை. அந்த அரை கிலோ உன் பாட்டன் வந்து உள்ள குந்திகினு கீறாரா?"

அந்த அரை கிலோவை விடாமல் எடுப்பதற்கு அவர் ஒரு மெஷின் வைத்திருந்தார். காயலான் கடையில் கிடந்த ஒரு கம்ப்ரஸரும், இரண்டு பழைய மீட்டரும், நிறைய டேப்பும் சேர்ந்த ஒரு பிராணி. அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கிக் காலியிலிருந்து கடைசிக் கேஸ் வரை உறிஞ்சி, மஞ்சள் பெயின்ட் அடித்த வேறொரு சிலிண்டரில் சேர்க்கும். ஒரு காலிக்கு முக்கால் மணி நேரம். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் எடை போட்டு, ரிஜிஸ்டரில் கிராம் கணக்கில் எழுதுவார்.

ஓசோனுக்காக இவ்வளவு செய்கிறாரா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓசோன நீ பாத்தியாம்மா? நானும் பாக்கல. அது கீதோ இல்லியோ. நமக்கு எடை போட்டுக் குடுத்தாங்கோ, நாம எடை போட்டுச் சொல்லணும். அவ்ளோதான்."

இதற்குமேல் அவரிடம் தத்துவம் எதுவும் கிடையாது. நானும் நீண்ட நாள் தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த மஞ்சள் சிலிண்டர்களைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ஒரு ஓரமாக நிற்கிறது, நின்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். அந்த வருடம் பதிவு ரினியூவல். அதற்கு முன் ரிட்டர்ன் போட வேண்டும். ரிட்டர்னுக்குப் பிறகு ஒரு அதிகாரி நேரில் வந்து குடோனில் இருக்கிற எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. நான் முதல் முறையாக மிச்சத்தின் ரிஜிஸ்டரை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். திரும்பக் கூட்டினேன்.

நாங்கள் வாங்கியதில் விற்றதைக் கழித்தால் வருவதைவிட, குடோனில் நூற்றுப் பதினாலு கிலோ அதிகமாக இருந்தது.

எங்கள் தொழில் தெரியாதவர்கள் 'அதிகமாகத்தானே இருக்கிறது, நல்லதுதானே' என்பார்கள். குறைந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். அதிகம் இருந்தால், பில் இல்லாமல் எங்கிருந்தோ கடத்திக் கொண்டுவந்தாய் என்று அர்த்தம். பதிவே போய்விடும். பதிவு போனால் எவனும் எங்களுக்குக் கேஸ் விற்க மாட்டான். வெப்சைட்டில் உண்மையான எண்ணைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் 'கையிருப்பு பொருந்தவில்லை' என்றது. பிறகு நேரம் கடந்துவிட்டது என்று என்னை வெளியே தள்ளியது. மறைமலை நகருக்குப் போன் போட்டேன். தம்பியின் மனைவி, "அவிய தூங்குதாவ, நீங்க அழுவாதியக்கா, நான் சொல்லுதேன்" என்று நம்பரைச் சொன்னாள்.

பதிவு அலுவலகத்துக்கும் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மனிதர், என்னைவிடக் களைத்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"காலி சிலிண்டர்ல மிச்சம் இருந்ததை எடுத்து வெச்சிருக்கீங்க."

"ஆமா சார்."

"அப்படி எடுத்து வெக்கறதுக்குத் தனியா ஒரு பதிவு இருக்கும்மா. மீட்டெடுப்பவர்னு. அது இருக்கா உங்ககிட்ட?"

"இல்லையே சார். அதுக்கு விண்ணப்பிச்சா எவ்வளவு நாளாகும்?"

சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்தவங்க யாரும் இப்படி ஒரு பிரச்சினையோட வந்ததில்லம்மா. ஏன் வந்ததில்லன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? மற்றவர்கள் ஷெட்டுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது. கேஸ் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டத்துக்கு நாங்கள் நல்ல பிள்ளையாக நடக்க வேண்டுமென்றால், நூற்றுப் பதினாலு கிலோவையும் வெளியே விட வேண்டும்.

எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு மேஜை மேலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த மஞ்சள் சிலிண்டர் மூணும் காலியா இருக்கணும். ஒண்ணு கேஸ் வெளிய போகணும், இல்ல அவர் வெளிய போகணும். சொல்லிடு."

அதோடு நிறுத்தவில்லை. மிச்சத்தின் பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதத்தை என்னையே டைப் அடிக்கச் சொல்லி, வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டார். கையெழுத்துதான் பாக்கி. ஐம்பத்தாறு வயது, தேய்ந்த முட்டி. இன்னொரு கம்பெனி வாசலில் அவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் குடோனுக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "அண்ணே, எம்.டி. சொல்லிட்டாருண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. முதல் மஞ்சள் சிலிண்டரை ஷெட்டுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்து, புங்க மரத்தடியில் நிற்க வைத்தார். வால்வு சாவியை வேட்டித் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"நீயே தொறந்துக்கமா. இடப்பக்கம் திருப்பணும். மூஞ்சியத் தள்ளி வெச்சுக்க. நான் அந்தாண்ட, சைக்கிள் ஸ்டாண்டாண்ட போய் நிக்கறேன். அங்க சத்தம் கேக்காது."

போய்விட்டார். சைக்கிள் ஸ்டாண்டில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

எட்டு வருடமாக நூற்றுக்கணக்கான கிலோவை எழுதியிருக்கிறேன். ஒரு கிராமைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வால்வின் வாயில் மட்டும் வெள்ளையாகப் பனி பூத்தது. ஒரு மனிதர் முக்கால் மணி முக்கால் மணியாக ஸ்டூலில் உட்கார்ந்து சேர்த்தது என் கை வழியாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஓசோனைப் பற்றி எந்த எண்ணமும் வரவில்லை. அந்தக் காது பொத்திய முதுகுதான் தெரிந்தது. சட்டென்று வலப்பக்கம் திருப்பி மூடிவிட்டேன். இரண்டு கையாலும் மூடினேன்.

"அண்ணே! என்னால முடியலண்ணே!" என்று கத்தினேன்.

காதைப் பொத்தியிருந்ததால் கேட்கவில்லை. நான் நடந்து போய்த் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

அவர் திரும்பி வந்தார். நன்றி சொல்வார், கண் கலங்குவார் என்று நான் நின்றேன். அவர் சிலிண்டரைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து ரிஜிஸ்டரில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

'மேடம் விட்டது – 40 கிராம்.'

"அண்ணே! இதைப் போய் எழுதணுமா?"

"போச்சா இல்லியா?"

"போச்சு."

"அப்ப எழுதணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படுத்தே இருந்தேன். திங்கள் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போய், மறைமலை நகரை எழுப்பி, ரிட்டர்னைத் திறந்தேன். சம்பிரதாயப்படி கீழிருந்து மேலே போகாமல், மேலிருந்து கீழே நிரப்பினேன். கசிவுக் கட்டத்தில் முதல் முறையாக 'இல்லை' என்று எழுதாமல் நாற்பது கிராம் என்று போட்டேன். குறிப்புப் பகுதியில் நூற்றுப் பதினாலு கிலோவின் கதையைச் சொன்னேன்; குறிப்பு இருந்ததால் இந்த முறை வெப்சைட் சிவப்பு எழுத்தோடேயே ஏற்றுக்கொண்டது. மீட்டெடுப்பவர் பதிவுக்கும் ஒரு விண்ணப்பம் தட்டிவிட்டேன். டிராயரில் இருந்த கடிதத்துக்குப் பக்கத்தில் என்னுடையதும் சீக்கிரம் போய்ச் சேரும் என்று தெரியும். களைப்பு ஒரு அளவைத் தாண்டினால் பயம் வருவதில்லை.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். எம்.டி. என் காதருகே, "முடிஞ்சுதா?" என்றார். "ஃபைல் பண்ணிட்டேன் சார்" என்றேன். அவர் நிம்மதியாகக் குடோன் கதவைத் திறந்துவிட்டார். நேர் எதிரே மூன்று மஞ்சள் சிலிண்டர்கள் நின்றன. அவர் முகம் வெளுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை.

அதிகாரி எல்லாவற்றையும் எடை போட்டார். மிச்சம் பக்கத்தில் நின்று, தராசு காட்டுவதற்கு முன்பே எடையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் கிராம் பிசகாமல் இருந்தது. அதிகாரி ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"மேடம் விட்டது நாற்பது கிராம். யார் இந்த மேடம்?"

நான் பள்ளிக்கூடத்தில் போல கையைத் தூக்கினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ குடோன் பாத்துட்டேன்மா. கசிவுல 'இல்லை'ன்னு எழுதாத முதல் ஆள் நீங்க. இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மேலிடத்துக்குப் போன் செய்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. மத்தியானம் எங்கள் கேன்டீனில் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி போன் செய்தார். ஃபைல் போடச் சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது ஒரு அதிகாரி செய்யக்கூடியதை அவர் செய்தார். மூன்று சிலிண்டர்களின் வால்விலும் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார். மகஜர் எழுதினார். பதிவுக்குத் தற்காலிக நீட்டிப்பு கொடுத்தார். மேலிடத்து முடிவு வரும்வரை முத்திரையை உடைக்கக் கூடாது, கேஸ் ஒரு கிராம்கூடக் குறையக் கூடாது.

"பொறுப்பாளர் பேர் சொல்லுங்க."

"கம்பெனி பேர் போட்டுக்கோங்க சார்" என்றார் எம்.டி.

"கம்பெனி பேரெல்லாம் செல்லாது சார். ஆள் பேர் வேணும். பொருளைத் தினம் பாத்துக்கறவர். முடிவு வர்றவரைக்கும் அவர் இந்த வேலையிலயே இருக்கணும். மாத்தணும்னா எங்களுக்கு எழுதிப் போட்டு அனுமதி வாங்கணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்குவதற்கு இருமினேன். மிச்சம் முன்னால் வந்து, பேனாக் கூட்டில் செருகிய பென்சிலை நீட்டினார். அதிகாரி பென்சில் கூடாது என்று தன் பேனாவைக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவருடைய உண்மையான கையெழுத்தைப் பார்த்தேன், அழகாக இருந்தது. டிராயரில் கிடந்த கடிதத்தை எம்.டி. அப்புறம் என்ன செய்தார் என்று தெரியாது. என்னோடு அவர் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் ஓ.டி.பி. வாங்க அவருக்கும் வேறு ஆள் கிடையாது.

முடிவு வரவில்லை. நினைவூட்டல் கடிதம் போட்டேன். அதற்கும் முடிவு வரவில்லை. மிச்சம் சனிக்கிழமை தோறும் மூன்று சிலிண்டரையும் எடை போட்டு எழுதிக்கொண்டே இருந்தார். விண்ணப்பம் நிலுவையில் இருந்ததால் புதிய காலிகளிலிருந்து எடுக்க யாரும் தடை சொல்லவில்லை. நான்காவது மஞ்சள் சிலிண்டர் வந்தது. ஐம்பத்தெட்டு வயது முடிந்தபோது எம்.டி. அவருக்குச் சால்வை, மாலை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்து விடை கொடுத்தார். நான் மகஜர் நகலை எடுத்துப் போய் எம்.டி. மேஜையில் வைத்தேன். மறுநாள் காலை மிச்சம் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேலைக்கு வந்தார்.

நான்தான் முதலில் ஓய்ந்துபோனேன். கழுத்து வலி தாங்காமல், தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை கிடைத்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசி நாள் மே மாதத்தில் வந்தது. ரோடு கொதித்தது. மிச்சம் என்னைக் குடோனுக்குக் கூப்பிட்டார். பழைய ரிஜிஸ்டரை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தார். 'மேடம் விட்டது – 40 கிராம்' அப்படியே இருந்தது. எழுதியதை அவர் எப்போதும் அடிக்க மாட்டார். ஆனால் அதற்கு நேரே புதிதாக ஒரு வரி இருந்தது. 'மேடம் பேரில் வரவு – 40 கிராம்.'

"இது ஏதுண்ணே? நான் எதுவும் தரலையே?"

"வேற எடத்துக்குப் போற. பேர்ல நாப்பது கிராம வெச்சுகினு போவாத. அதான் சரி பண்ணிட்டேன்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

அவர் ரிஜிஸ்டரை மூடினார். "எங்க வூட்டு ஏசிலேருந்து. அதே ரகந்தான், நாலாவது சிலிண்டர்ல ஏத்திட்டேன். நேத்து ராவு போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது. நாப்பது கிராம் கம்மின்னா ஒண்ணும் சாவாது. கொஞ்சம் லேட்டா கூல் ஆவும், அவ்ளோதான். உங்க அண்ணிதான் கத்துது."

நான் அங்கேயே நின்று அழுதேன். அவர் சங்கடப்பட்டுப்போய், தராசின் மேல் இல்லாத தூசியைத் தட்டினார்.

இப்போது கல்லூரி ஆபீஸில் எனக்கு எந்தப் படிவமும் கிடையாது, நல்ல ஏசி உண்டு. ஒவ்வொரு மே மாதமும் அதைப் போடும்போது நினைத்துக்கொள்வேன். வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அறை, என் ஒருத்திக்காக, தினமும் கொஞ்சம் தாமதமாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அவ்வளவு துல்லியமாக என் மேல் அன்பு வைத்தவர் வேறு யாரும் இல்லை.